கம்பத்துப் பலகை வீடு எப்படி நிற்கிறது?

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில், ஜாலான் ஸ்டோனரில் ஒரு பழைய மலாய்ப் பலகை வீடு இருக்கிறது. பெங்ஹுலு அபு செமான் வீடு என்று பெயர். அது அந்த இடத்தில் கட்டப்பட்ட வீடு அல்ல. கெடா மாநிலம் பண்டார் பஹாரு வட்டாரத்தில், கம்போங் சுங்கை கெச்சிலில் ஒரு ஊர்த்தலைவர் 1910-களிலிருந்து 1930-களின் தொடக்கம்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டது. சிதிலமாகிக் கிடந்த அதைப் பாடான் வாரிசான் மலேசியா என்ற மரபுக் காப்பு அறக்கட்டளை 1990-களின் நடுவில் கழற்றி, தலைநகருக்குக் கொண்டுவந்து, திரும்பவும் பூட்டி நிறுத்தியது.

கழற்றியது, பூட்டியது என்ற சொற்களைக் கவனியுங்கள். கல்வீட்டை இடிக்கலாம், கழற்ற முடியாது. பலகை வீட்டைக் கட்டிலைப் போலக் கழற்றலாம். (மலாய்க்காரர்களும் அதைக் ‘கத்தில்’ என்றுதான் சொல்கிறார்கள். திரையும் அவர்களுக்குத் ‘திராய்’. வீட்டுச் சாமான் பல நம்மிடமிருந்து போனவை.) மலாய்க் கம்பங்களில், அதாவது கிராமங்களில், ஒரு வீட்டை அப்படியே தூக்கி அடுத்த மனைக்கு நகர்த்த ஊரே திரண்டு தோள் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. இதெல்லாம் எப்படி முடிகிறது?

இதற்கு இரண்டு வழிகளைப் புரிந்துகொண்டால் போதும். ஒன்று, கூரையின் எடை எந்த வழியாக மண்ணுக்கு இறங்குகிறது. இரண்டு, தண்ணீர் எந்த வழியாக வீட்டை விட்டு வெளியேறுகிறது. முதல் வழி அறுந்தால் வீடு சாயும், இரண்டாவது வழி அடைபட்டால் வீடு உளுத்துப்போகும். நாம் பார்க்கும் பழுதுகளில் பெரும்பாலானவை இரண்டாவதில் தொடங்கி முதலாவதில் வந்து முடிபவை.

சுவர் சுமப்பதில்லை

கல்வீட்டில் வளர்ந்த கண்ணுக்குச் சுவர்தான் வீடு. பலகை வீட்டில் சுவர் வெறும் மறைப்பு. தூணும் உத்தரமும் கூடிய ஒரு கூடுதான் எல்லாவற்றையும் தாங்குகிறது. சுவர்ப் பலகை அத்தனையையும் பிடுங்கிவிட்டாலும் கூரை கீழே வராது.

எடை இறங்கும் பாதையை உச்சியிலிருந்து தொடர்வோம். உச்சியில் முகட்டுவளை. மலாயில் துலாங் பும்போங், கூரையின் முதுகெலும்பு. அதைத் தாங்கி நிற்கும் குட்டித் தூணுக்கு ‘துன்ஜுக் லாங்கிட்’ என்று பெயர். ‘வானத்தைச் சுட்டுவது’ என்று பொருள். முகட்டிலிருந்து இருபுறமும் இறங்கும் கைமரங்கள் ‘காசாவ்’. கைமரங்களின் கீழ்முனையும் துன்ஜுக் லாங்கிட்டின் காலும் வந்து உட்காரும் மேல் உத்தரம் ‘ஆலாங்’. ஆலாங் தன் சுமையைத் தூண்களின் தலையில் வைக்கிறது. தூண், ‘தியாங்’.

தரைத்தளத்தின் எடை தனி வழி. நாம் மிதிக்கும் பலகைக்கு அடியில் ‘கெலெகார்’ என்னும் குறுக்குச் சட்டங்கள், ஒன்றரை இரண்டடி இடைவெளியில். அவற்றுக்கு அடியில் ‘ராசுக்’ என்னும் தடித்த உத்தரம். ராசுக் தூணின் மேல் உட்காருவதில்லை, தூணைத் துளைத்துக்கொண்டு போகிறது. தூணின் கால், கருங்கல் அல்லது சிமெண்ட்டால் ஆன ஒரு பீடத்தின்மேல் நிற்கிறது. பீடத்துக்கும் தூணுக்கும் ஆணி, ஒட்டு எதுவும் கிடையாது. வீட்டின் எடைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

அந்த எடை சாதாரணமானதல்ல. தூணுக்குப் போடும் செங்கால் மரம் உலர்ந்த நிலையிலேயே கனமீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் கனக்கும். 6 அங்குலச் சதுரத்தில் 4 மீட்டர் நீளத் தூண் ஒன்று ஏறத்தாழ 85 கிலோ. பன்னிரண்டு தூண் வீடு என்றால் தூண்கள் மட்டுமே ஒரு டன். காற்றுக்கு அசையாத பாரம் அந்தக் கூட்டிலேயே இருக்கிறது.

ஒரு மூட்டை நெருங்கிப் பார்ப்போம்

வீட்டுக்கு அடியில் குனிந்து போய், தூணும் ராசுக்கும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். தூணில் நீள்சதுரமாக ஒரு துளை. அதன் வழியே உத்தரம் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருகிறது. துளை உத்தரத்தைவிட உயரத்தில் சற்றுப் பெரிது. அந்த இடுக்கில் இருபுறமிருந்தும் ஆப்பு அடித்திருப்பார்கள். மலாயில் ‘பாஜி’. இவ்வளவுதான் மூட்டு. ஆப்பைத் தட்டி எடுத்தால் உத்தரம் உருவிக்கொண்டு வரும், வீடு கழலும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீளவாட்டு உத்தரமும் குறுக்குவாட்டு உத்தரமும் ஒரே தூணில் சந்திக்கும்போது ஒரே மட்டத்தில் சந்திப்பதில்லை. ஒன்று மேலே, மற்றது அதற்கு நேர் கீழே. காரணம் எளிய கணக்கு. 6 அங்குலச் சதுரத் தூணின் குறுக்குப் பரப்பு 36 சதுர அங்குலம். ஒன்றரை அங்குல அகலத்தில் ஒரு துளை போட்டால் 9 போகும், 27 மிஞ்சும். முக்கால் பங்கு தூண் இன்னும் இருக்கிறது. இரண்டு துளைகளும் ஒரே மட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் போனால் மிஞ்சுவது 20 சதுர அங்குலம் சொச்சம், அதுவும் நான்கு மூலைகளில் நான்கு துண்டுகளாக. அந்த இடத்தில் தூண் ஒடிவதற்குப் புயல் வர வேண்டியதில்லை. பழைய வீட்டில் புதிய உத்தரம் சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்து, இருக்கிற துளைக்குப் பக்கத்திலேயே இன்னொரு துளை போட்டுவிடுகிறார்கள்.

மேல்மூட்டுகளில் கழுந்தும் துளையும். ஒரு மரத்தின் நுனியை நாக்குப் போலச் செதுக்கினால் கழுந்து. அது மற்ற மரத்தின் குழியில் உட்காரும். பிறகு குறுக்கே ஒரு மர முளை. மரம் உலரும்போது நீளத்தில் சுருங்குவது மிகச் சொற்பம், பருமனில்தான் நன்றாகச் சுருங்கும். அதனால் நல்ல ஆசாரி முளையை நன்கு உலர்ந்த கடின மரத்தில் செதுக்குவார். தூண் கொஞ்சம் பச்சையாக இருந்தாலும் பரவாயில்லை. தூண் உலர்ந்து சுருங்கச் சுருங்க, ஏற்கெனவே சுருங்கி முடித்த முளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். தலைகீழாகச் செய்தால், அதாவது முளை பச்சையாக இருந்தால், இரண்டே வருடத்தில் முளை ஆடும். ஆப்புக்கும் இதே விதிதான். புதுவீட்டில் முதல் சில ஆண்டுகள் ஆப்புகளை அவ்வப்போது தட்டி இறுக்க வேண்டும். அது குறைபாடு அல்ல, பராமரிப்பு.

‘ஒரு ஆணிகூட இல்லாமல் கட்டிய வீடு’ என்று பெருமையாகச் சொல்வது வழக்கம். கூட்டுக்கு அது பொருந்தும். இருபதாம் நூற்றாண்டு வீடுகளில் சுவர்ப் பலகையிலும் தரைப் பலகையிலும் ஆணி தாராளமாக இருக்கும். கிளந்தான், திரெங்கானு பாணி வீடுகளில் மட்டும் சுவரே சட்டத்தின் காடியில் செருகிய பலகைகளால் ஆனது, ஆணியில்லாமல் கழற்றி மாட்டலாம். அந்தச் சுவருக்கு ‘ஜண்டா பெர்ஹியாஸ்’, அலங்கரித்துக்கொண்ட விதவை என்று பெயர். யார் வைத்தார்களோ!

எந்த மரம் எங்கே

தூணுக்குச் செங்கால். கிடைக்காவிட்டால் ரெசாக், கியாம், பாலாவ் போன்ற கனமான மரங்கள். தரைக்கும் கதவு நிலைக்கும் மெர்பாவ் நன்றாக இருக்கும். சுவருக்கு இலேசான மெராந்தி. வசதி குறைந்தவர்கள் தரைக்கு நீபோங் பனையைப் பிளந்து பரப்பினார்கள்.

மரத்தின் பெயரைவிட முக்கியமானது வைரம். செங்கால் என்று வாங்கினாலும் அதன் வெளிறு, அதாவது பட்டைக்கு அடுத்த இளம் பகுதி, கரையானுக்கு அவல்தான். வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்குத்தான் அந்தப் பெயரும் புகழும். வெட்டுமுகத்தைப் பார்த்தால் வெளிறு வெளுப்பாகத் தனித்துத் தெரியும். மரக்கடையில் ஒரு மூலையில் மட்டும் வெளிறு உள்ள சட்டத்தைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். தூணுக்கு அது வேண்டாம்.

அளவு: சாண், முழம், பாகம்

பழைய தச்சர்கள் வரைபடம் போட்டதில்லை. உடம்பால்தான் அளந்தார்கள்: ஜெங்கால், ஹஸ்தா, டெப்பா. நமக்குச் சாண், முழம், பாகம். டெப்பா என்றால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை. இதில் அழகு என்னவென்றால், யாருடைய டெப்பா என்பது. வீட்டுக்காரரின் டெப்பா இல்லை, வீட்டுக்காரியுடையது. மனிதருக்குக் கைவிரிப்பும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் ஒரு டெப்பா ஒன்றரை மீட்டரைச் சுற்றி வரும். தூணுக்குத் தூண் இடைவெளி இந்த அளவை ஒட்டியே போகும். அதனால்தான் ஒரே ஊரில், ஒரே தச்சர் கட்டிய இரண்டு வீடுகளின் அளவும் ஒத்துப்போவதில்லை. பழுதுபார்க்கப் போகிறவர் பக்கத்து வீட்டு அளவை வைத்து உத்தரம் அறுத்துக் கொண்டுபோனால் பொருந்தாது. தூண் தூணாக அளக்க வேண்டும்.

முதலில் நிறுத்தும் தூண் ‘தியாங் செரி’. செரி என்பது ஸ்ரீதான். அதன் அடியில் நாணயமும் தலையில் வண்ணத் துணியும் வைக்கும் பழக்கம் உண்டு. பழைய வீட்டைக் கழற்றும்போது கழுந்தின்மேல் நைந்த துணி கிடைத்தால் குப்பை என்று எறிந்துவிட வேண்டாம். எந்தத் தூண் முதலில் நின்றது என்று அது சொல்கிறது.

வீட்டின் உறுப்புகள்

நடுவே பெரிய பகுதி ‘ரூமா இபு’, நேர்ப்பொருளில் தாய்வீடு. நம் மொழியில் தாய்வீடு என்றால் பெண்ணின் பிறந்தகம், இங்கே அது வீட்டின் மூலப்பகுதி. தரை எல்லாவற்றிலும் உயரமானது இதற்குத்தான். தூண் எண்ணிக்கையை வைத்து ஆறு தூண் வீடு, பன்னிரண்டு தூண் வீடு என்று சொல்வது இந்தப் பகுதியைக் கணக்கிட்டுத்தான். முன்னே அல்லது பக்கத்தில் நீண்ட தாழ்வாரம் ‘செராம்பி’, அதன் தரை ஒரு படி இறக்கம். நம் திண்ணை செய்யும் வேலையை அது செய்கிறது. வெளியார் அங்கேயே உட்காருவார்கள். படியேறும் இடத்தில் சிறிய முகப்பு ‘அஞ்சோங்’. பின்னால் சமையல்கட்டு ‘டாப்பூர்’, இன்னும் தாழ்வாக.

இந்த ஏற்ற இறக்கம் மரியாதைக்காக மட்டும் இல்லை. மட்டம் மாறும் இடத்தில் உத்தரங்களும் வேறு உயரத்தில் தூணுக்குள் போகின்றன, துளைகள் மோதிக்கொள்வதில்லை. தவிர, இரண்டு மட்டத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாகக் கீழ்க்காற்று மேலே வருகிறது.

இந்த வீடு வளரக்கூடியது. முதலில் ரூமா இபுவும் சமையல்கட்டும் கட்டுவார்கள். கையில் காசு சேர்ந்ததும் செராம்பி. மகளுக்குக் கல்யாணமானால் இன்னொரு பகுதி. அபு செமான் வீடும் அப்படிக் கட்டம் கட்டமாக வளர்ந்ததுதான். பினாங்கில் அதிகம் பார்க்கும் ஒரு வடிவத்துக்கு ‘காஜா மெஞுசு’ என்று பெயர். காஜா என்றால் யானை, நம் கஜம்தான். பெரிய கூரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சிறிய கூரை. தாய் யானையிடம் குட்டி பால் குடிப்பதைப் போல.

ஆனால் ஒட்டும் இடம்தான் வில்லங்கம். இரண்டு கூரைகளும் சரிந்து வந்து சந்திக்கும் ஓடையில் இருபக்கத்துத் தண்ணீரும் சேர்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை என்றால் 5,000 லிட்டர். கோலாலம்பூரில் மாலை நேரத்து இடிமழைக்கு இது ஒன்றும் அதிகமில்லை. அந்த ஓடையில் இலை தேங்கினால் தண்ணீர் பின்வாங்கி, அதற்கு நேர் கீழே உள்ள தூண்களின் தலையில் இறங்கும். வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான், வாசலில் இருக்கும் சித்திரவேலை இல்லை. பழைய தச்சர்களுக்கு இது தெரிந்திருந்தது. ‘செலாங்’ என்று ஒரு சிறிய இணைப்பு நடையை நடுவில் விட்டு, இரண்டு கூரைகளையும் பிரித்தே வைத்த வீடுகள் உண்டு. அடுப்பு நெருப்பும் தாய்வீட்டுக்குத் தாவாது.

காற்றும் கூரையும்

கூரை வடிவங்களில் பழையது ‘பும்போங் பன்ஜாங்’. நேரான முகடு, இரண்டு பக்கமும் செங்குத்தான சரிவு, இரண்டு முனைகளிலும் முக்கோண முகப்பு. ‘பும்போங் லீமா’ என்றால் ஐந்து முகட்டுக் கோடுகள் கொண்ட நாற்புறச் சரிவு. புதுக்கூரை சேர்க்க எளியது பும்போங் பன்ஜாங்தான்.

ஓலைக் கூரை, நாம் அத்தாப்பு என்கிறோம், நீப்பா அல்லது ரும்பியா ஓலையை ஒரு மெல்லிய கழிமேல் மடித்துத் தைத்தது. இறவாரத்தில் தொடங்கி முகடு நோக்கி ஏறிப்போகும். ஒவ்வொரு வரிசையிலும் பெரும்பகுதி மேல்வரிசைக்கு அடியில் மறைந்திருக்கும், வெளியே தெரிவது சில அங்குலமே. சரிவு செங்குத்தாக இருக்க வேண்டும். படுத்துப்போன கூரையில் தண்ணீர் நின்று ஓலை அழுகும். நன்றாக வேய்ந்தாலும் அத்தாப்பின் ஆயுள் சில ஆண்டுகள்தான். அந்தத் தொல்லைக்குப் பயந்து எல்லோரும் தகரத்துக்கு மாறினார்கள். குறை சொல்ல முடியாது. ஆனால் ஓலை வெயிலை உள்ளே விடாது. தகரம் பத்தே நிமிடத்தில் அடுப்பாகிவிடும். மழைச் சத்தத்தைப் பற்றித் தகரக் கூரை வீட்டில் படுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சூடான காற்று மேலே போக வழி வேண்டும். முகப்பு முக்கோணத்தில், ‘தெபார் லாயார்’ என்ற பகுதியில், சாய்ந்த பலகைகளுக்கு இடையே விடும் இடைவெளி அதற்குத்தான். சுவரின் மேல்பட்டையில் உள்ள பூவேலைத் துளைகளும் அதற்குத்தான். அழகுக்காக என்று நினைத்துப் பிளைவுட் அடித்து மூடிவிட்டால் வீடு வேகும். ஜன்னல்கள் தரையிலிருந்தே தொடங்குவதும் கணக்கோடுதான். பாயில் உட்காருபவர் முகத்துக்குக் காற்று வர வேண்டும். இறவாரம் நீண்டு இறங்கியிருப்பதால் ஜன்னலைத் திறந்து வைத்தே மழையைப் பார்க்கலாம்.

திசையைப் பற்றி ஒரு வார்த்தை. கோலாலம்பூரிலிருந்து மக்கா ஏறத்தாழ 292 பாகையில், மேற்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி இருக்கிறது. வீட்டின் நீளவாட்டை அந்தத் திசையில் வைத்தால், அகலமான சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் படும். தொழுகைத் திசையும் வெயிலும் ஒத்துப்போன இடம் இது.

எங்கே கெடுகிறது

மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நின்றால்தான் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மழையில் நனைந்து, பிறகு காய்ந்துவிடும் மரம் நூறு வருடம் நிற்கும். நனைந்து காயாத மரம் செங்காலாக இருந்தாலும் போய்விடும்.

தூணின் அடிக்கால் முதல் பலி. மரத்தின் வெட்டுமுகம் உறிஞ்சுகுழல் கட்டுகளைப் போன்றது. கீழே ஈரம் இருந்தால் மேலே இழுத்துக்கொள்ளும். இறவாரத்திலிருந்து விழும் தண்ணீர் தரையில் மோதித் தெறித்து, கீழே ஓரடி உயரம்வரை தூணை நனைக்கும். பீடம் அந்தத் தெறிப்புக்கு மேலே இருந்தால் தப்பித்தது. ஆனால் ஆண்டுக்காண்டு முற்றத்தில் மண் கொட்டி மேடாக்கி, கடைசியில் பீடமே மண்ணுக்குள் போன வீடுகள் ஏராளம்.

இதைவிட மோசமானது நல்லெண்ணத்தில் செய்யும் பழுது. அடிக்கால் கொஞ்சம் உளுத்ததும் அதைச் சுற்றிப் பெட்டி கட்டி சிமெண்ட் ஊற்றிவிடுவார்கள். பார்க்கப் பலமாகத் தெரியும். சிமெண்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவே உலர்ந்து சுருங்கியதும் மயிரிழை இடைவெளி விழும். தூணில் வழியும் தண்ணீர் அந்தக் கிண்ணத்தில் போய் நிற்கும். வெளியேற வழியே இல்லை. சில ஆண்டுகளில் சிமெண்ட் மட்டும் நிற்கும், உள்ளே தூள்தான்.

அடுத்தது வீட்டுக்கு அடியைச் செங்கல் வைத்து அடைப்பது. கூடுதலாக ஓர் அறை கிடைக்கும் என்ற ஆசை. கீழ்க்காற்று நின்றுவிடும், தரைச் சட்டங்கள் வேர்க்கும். கரையானைப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். கரையான் மண்ணிலிருந்து தூணுக்கு ஏறும்போது பீடத்தின்மேல் பென்சில் தடிமனில் மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும். வீடு உயரமாக நிற்பதன் பெரிய பயனே அந்தக் குழாயை நீங்கள் கண்ணால் பார்க்க முடிவதுதான். மாதம் ஒருமுறை டார்ச் லைட்டோடு குனிந்து ஒரு சுற்று வந்தால் பாதி வீட்டைக் காப்பாற்றலாம்.

மூன்றாவது, சுமையை மாற்றுவது. தகரக் கூரை சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ அளவில்தான். சுட்ட ஓடு 40 கிலோவைத் தாண்டும். 100 சதுர மீட்டருக்கு நான்கு டன் ஏறுகிறது. ஓலைக்காகச் செதுக்கிய கைமரம் அதைத் தாங்காமல் நடுவில் தொய்யும், தூண்தலைகள் வெளியே தள்ளப்படும். பரணில் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைப்பதும் இதே கதை. ஒரு டன்னைக் கொண்டுபோய் எந்தத் தூணுக்கும் நேராக இல்லாத இடத்தில் வைப்பார்கள்.

சுவர் எடையைச் சுமப்பதில்லை என்று சொன்னோம். அதற்காக முழுச் சுவரையும் அகற்றிப் பெரிய கூடமாக்கிவிடலாம் என்று அர்த்தமில்லை. இந்த வீடுகளில் சாய்வுத் தாங்கிகள் குறைவு. தூணுக்குள் இறுகிய உத்தரங்களும், ‘ஜெனாங்’ என்னும் நடுச்சட்டங்களோடு சேர்ந்த சுவர்ப் பலகைகளும்தான் வீடு பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கின்றன. சுவர் போனால் கூரை விழாது, ஆனால் நடக்கும்போது வீடு ஆடும்.

அடிக்கால் மாற்றுவது

பழுதில் அடிக்கடி வருவதும், கற்றுக்கொள்ள ஏற்றதும் இதுதான். முதலில் சோதனை. திருப்புளியின் கைப்பிடியால் தூணைக் கீழிருந்து தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் ‘டங்’ என்னும், உளுத்தது ‘பொத்’ என்னும். சந்தேகமான இடத்தில் கூரான ஊசியைக் குத்துங்கள். வைரத்தில் முனை மட்டும் இறங்கும். அரை அங்குலம் சிரமமில்லாமல் இறங்கினால் அங்கே மரம் இல்லை.

தூக்குவதற்கு முன் அந்தத் தூணின் ஆப்புகளையும், பக்கத்துத் தூண்களின் ஆப்புகளையும் தளர்த்த வேண்டும். இதை மறந்தால் தூக்கும் விசை முழுவதும் மூட்டில் விழுந்து கழுந்து பிளக்கும். பிறகு தூணின் இருபுறமும் ராசுக்குக்கு அடியில் கடின மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன்மேல் திருகு ஜாக்கி. ஒரு ஜாக்கி போதாது, இரண்டு பக்கமும் சமமாக ஏற வேண்டும். ஒரு நேரத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர். நிறுத்துங்கள், காதைக் கொடுத்துக் கேளுங்கள். முனகல் சத்தம் வருவது இயல்பு. ‘சடக்’ என்று வந்தால் இறக்கிவிட்டு, எந்த மூட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள். தூணின் கால் பீடத்தை விட்டு ஒரு விரல் எழும்பினால் போதும்.

உளுத்ததை அறுக்கும்போது கஞ்சத்தனம் கூடாது. கண்ணுக்குத் தெரியும் கெடுதலுக்கு மேல் இன்னும் ஓரடி தாண்டி நல்ல மரத்தில் வெட்டுங்கள். புதுக்காலையும் பழைய தூணையும் படிவைத்துச் சாய்த்து, ஒன்றின்மேல் ஒன்று படியுமாறு ஒட்ட வேண்டும். அந்த ஒட்டின் நீளம் தூணின் பருமனைப்போல மூன்று மடங்காவது இருக்கட்டும். 6 அங்குலத் தூணுக்கு 18 அங்குலம். அதே இனத்து மரம், அதே அளவு உலர்ந்தது. துருப்பிடிக்காத எஃகு போல்ட் இரண்டு போடுங்கள். சாதாரண இரும்பு வேண்டாம். ஈரத்தில் அது துருவேறி மரத்தைக் கறுக்கவைத்து, சுற்றியுள்ள நாரையும் அரித்துவிடும். வெட்டுச் சரிவு வெளிப்பக்கமாக இறங்குவதைப் போல வையுங்கள். உள்ளே இறங்கினால் மழைநீரை நீங்களே வழிகாட்டி உள்ளே அனுப்புகிறீர்கள்.

பீடத்துக்கும் புதுக்காலுக்கும் நடுவே தார்த்தகடு ஒன்று, தூணின் அளவுக்குள் அடங்குமாறு. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது தண்ணீர்த் தட்டாகிவிடும். இறக்கும்போதும் அதே மூன்று நான்கு மில்லிமீட்டர் கணக்கு. எடை முழுக்க இறங்கிய பிறகே ஆப்புகளைத் தட்டி இறுக்குங்கள். இரண்டு மழைக்குப் பிறகு ஒருமுறை, ஆறு மாதத்தில் இன்னொருமுறை.

சரியாக இறங்கியதா என்று பார்க்க ரசமட்டம் தேடி அலைய வேண்டாம். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் உள்ள கதவையோ ஜன்னலையோ மூடிப் பாருங்கள். முன்பு உரசியது இப்போது உரசாமல் மூடினால் கூடு நேராகிவிட்டது. முன்பு சரியாக மூடியது இப்போது மேல்மூலையில் இடித்தால், தூக்கியது கூடிவிட்டது. தகட்டை மெல்லியதாக மாற்றி மறுபடி இறக்குங்கள்.